உங்களுக்குத் தெரியுமா? – குட்டைக்கால் நாயின் முதுகு

செஞ்சி, குதிரைக்குப் பெயர் சொல்லிப் பாடிய ஊர். 1714இல் போரில் மாண்ட அதன் அரசன் தேசிங்கு ராஜனின் கதையை அவன் குதிரையை விட்டுவிட்டு யாரும் சொல்வதில்லை. விலங்கை வீட்டு ஆளாக நினைக்கும் அந்த மனசு இன்றும் இருக்கிறது. ஆனால் டாஷண்ட், ஷிட்சு, பீகிள் வளர்ப்பவர்கள் பலருக்கு அந்த நாய்களின் முதுகைப் பற்றித் தெரிவதில்லை. ஒருநாள் காலையில் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு வந்தால், "வாதம் அடிச்சிருச்சு" என்று எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிறார்கள். இந்த இனங்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது முதுகெலும்பு டிஸ்க். உருவுவதால் அது கூடுமே தவிரக் குறையாது.

● டிஸ்க் என்பது என்ன? நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எலும்புகளுக்கு நடுவே நார் வளையம். அதற்குள் இளநுங்கு போலக் குழகுழப்பு. குதித்தாலும் ஓடினாலும் அதிர்ச்சியைத் தாங்குவது அதுதான். மற்ற நாய்களுக்கு வயதான பிறகே அது வறளும். குட்டைக்கால் இனங்களுக்கோ ஒரு வயதுக்குள்ளேயே கடுக்காய் நுங்காகிவிடுகிறது, சுண்ணாம்பும் படிகிறது. பிறகு ஒருநாள் நார் வளையம் கிழிந்து, உள்ளே இருப்பது மேல்நோக்கிப் பிதுங்கித் தண்டுவடத்தில் இடிக்கிறது. சோபாவிலிருந்து குதித்ததால் வந்தது என்று நினைக்கிறோம். அந்தக் குதி கடைசிக் காரணம் மட்டுமே. உள்ளே சிதைவு தொடங்கி வெகுநாள் ஆகியிருக்கும்.

● டாஷண்ட் ஜெர்மனியில் வளைக்கரடி வேட்டைக்காக வளர்த்தெடுத்த இனம். வளைக்குள் நுழைய வசதியான குட்டைக் காலுக்கும், சீக்கிரம் முற்றும் டிஸ்க்குக்கும் வேர் ஒன்றே. நாயின் 12ஆம் குரோமோசோமில் எஃப்ஜிஎஃப்4 என்ற மரபணுவின் கூடுதல் நகல் ஒன்று ஒட்டியிருப்பதை 2017இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அழகென்று நாம் தேர்ந்தெடுத்ததற்கு நாய் விலை கொடுக்கிறது.

● டாஷண்ட் நாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு வாழ்நாளில் இந்தத் தொல்லை வருகிறது. மூன்று முதல் ஏழு வயதுக்குள்தான் அதிகம்.

● நாய்க்கு விலா எலும்பு 13 ஜோடி. பெரும்பாலான விலா ஜோடிகளின் தலைகளை டிஸ்க்கின் மேலாக ஒரு தசைநார் இணைத்துக் கட்டியிருப்பதால் முதுகின் முன்பகுதியில் பிதுக்கம் அரிது. அந்தக் கட்டு இல்லாத இடத்தில், கடைசி விலாக்களை ஒட்டி இடுப்புப் பக்கம், அடிக்கடி வருகிறது. கழுத்திலும் வரும். அதனால் கழுத்துப் பட்டையில் கயிறு கட்டி இழுக்காமல், மார்போடு சேர்த்து மாட்டும் பட்டை வாங்குங்கள்.

● முதல் அறிகுறி கால் விழுவது அல்ல. வழக்கமாக ஏறும் திண்ணையில் ஏற மறுக்கும். தூக்கினால் கத்தும். முதுகு வில்லாய் வளையும். வயிறு கல்லாக இறுகும். அதைப் பார்த்து வயிற்றுவலி என்று பூச்சி மருந்து கொடுத்து நாட்களைத் தொலைக்கிறோம்.

● கால் முற்றிலும் விழுந்த நாயின் விரலைக் கிள்ளினால் காலைச் சட்டென்று மடக்கும். "உணர்ச்சி இருக்கு" என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். மூளைக்குச் செய்தி போகாமலேயே தண்டுவடம் தானாகச் செய்யும் அனிச்சை வேலை அது. கிள்ளும்போது நாய் திரும்பிப் பார்க்கிறதா, கத்துகிறதா, கடிக்க வருகிறதா என்பதைத்தான் மருத்துவர் கவனிப்பார். இந்த ஆழ்வலி உணர்வு இருக்கும்போதே அறுவை செய்தால் பத்தில் ஒன்பது நாய்கள் மறுபடி நடக்கின்றன. உணர்வு போன பிறகு செய்தால் ஏறக்குறைய பாதிதான். அதிலும் சில நாய்கள் தண்டுவடமே உருகிப்போய் உயிர் பிழைப்பதில்லை. நேற்று நடந்த நாய் இன்று நடக்கவில்லை என்றால் அன்றைக்கே கிளம்ப வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

● எங்கே போவது? முதலில் உள்ளூர் கால்நடை மருத்துவர். அறுவை தேவை என்று அவர் சொன்னால், செஞ்சியிலிருந்து சுமார் 70 கி.மீ.யில் புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சுமார் 150 கி.மீ.யில் சென்னை வேப்பேரிக் கல்லூரி, 1903இல் தொடங்கியது. கிளம்பும் முன் போனில் கேட்டுக்கொண்டு போங்கள். சாதாரண எக்ஸ்ரேயில் தண்டுவடம் தெரியாது. எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன், அல்லது சாய மருந்து செலுத்தி எடுக்கும் படம் வேண்டும். வழியில் மடியில் துள்ளவிடாமல், காய்கறிக் கடை பிளாஸ்டிக் கிரேட்டில் போர்வை மடித்துப் போட்டுப் படுக்க வையுங்கள். தூக்கும்போது ஒரு கை மார்புக்கடியில், மறு கை பின்பக்கத்தில். முதுகு மட்டமாக இருக்கட்டும்.

● நம் வீட்டு மாத்திரை வேண்டாம். ஐபுபுரூபன், டைக்ளோபினாக், பாரசிட்டமால் மூன்றும் நாய்க்கு ஆபத்து. ஸ்டீராய்டையும் வலி மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்தால் குடல் புண்ணாகி ரத்தம் கசியும். ஏற்கெனவே என்ன ஊசி போட்டது என்று அடுத்த மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

● நடக்க முடிகிற, வலி மட்டும் உள்ள நாய்க்கு மருந்தைவிடப் பெரிய வைத்தியம் கூண்டு. குறைந்தது நான்கு வாரம். திரும்பிப் படுக்கும் அளவு இடம் போதும். சிறுநீர், மலத்துக்கு மட்டும் கயிற்றோடு வெளியே. கிழிந்த நார் வளையம் தழும்பேற அத்தனை நாள் ஆகும். வலி மாத்திரை வேலை செய்ததும் மூன்றாம் நாளே துள்ளும், அழும், நம் முகத்தைப் பார்க்கும். "பாவம், கொஞ்சம் விடுவோம்" என்று திறந்துவிடுகிற அந்த இரக்கம்தான் பல நாய்களின் காலைப் பறித்திருக்கிறது. நான்கு வாரமும் கல் மனசு வேண்டும்.

● கால் விழுந்த நாய் படுத்த இடத்தில் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் விட்டால், அது போய்க்கொண்டிருக்கிறது என்று எண்ண வேண்டாம். பை நிரம்பி வழிகிறது. தினம் மூன்று நான்கு முறை அடிவயிற்றை மெல்ல அழுத்தி வெளியேற்ற வேண்டும். மருத்துவரிடம் கையால் செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்.

● செஞ்சி நெல் மண்டி ஊர், சாக்குக்குப் பஞ்சமில்லை. வழுக்கும் டைல்ஸ் தரையில் நாய் நடக்கும் பாதை முழுக்கச் சணல் சாக்கு விரித்துவிடுங்கள். வாசற்படிக்கு ஒரு சாய்வுப் பலகை. ஸ்கூட்டியிலிருந்து தானாகக் குதிக்க விடாதீர்கள். எடையைக் கட்டுங்கள்: தடவினால் விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை உயரம் சுமார் 800 அடி. அந்தப் படிகள் உங்களுக்கு, குட்டைக்கால் நாய்க்கு அல்ல.

● ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை போன்ற நெடுங்கால் நாய்களுக்கும் டிஸ்க் தொல்லை வரலாம். ஆனால் அது பெரும்பாலும் முதுமையில், மெல்ல மெல்ல வரும் வேறு வகை. இந்த இரு வகைகளையும் 1952இல் பிரித்துக் காட்டியவர் ஹான்சென் என்ற ஸ்வீடன் நாட்டவர்.

● எச்சரிக்கை ஒன்று. வெறிநாய்க்கடி நோயும் கால் விழுவதாகத் தொடங்கலாம். தடுப்பூசி போடாத நாய், தெருநாய் கடித்த நாய் என்றால் வாய்க்குள் கை விடாமல், எச்சில் படாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

● பின்னங்காலுக்கு வலு திரும்பாத நாய்க்கும் சக்கர வண்டி உண்டு. பிவிசி குழாயிலும் சிறு சக்கரத்திலும் வீட்டிலேயே செய்கிறார்கள். அளவு பிசகினால் புண்ணாகும், மருத்துவரிடம் காட்டிச் சரிபாருங்கள். வலி அடங்கி, சிறுநீரைப் பார்த்துக்கொள்ள ஆளிருந்தால், முன்னங்காலால் அது வண்டியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவரும். கால் விழுந்த வாரத்திலேயே ஊசி போட்டு முடித்துவிடச் சொல்லாதீர்கள். அறுவை செய்யாமலே சில நாய்கள் எழ வாரங்களும் மாதங்களும் பிடிக்கின்றன. அதற்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.