இறுக்கிப் பிடிக்கும் ஆடை: கால் தசைக்கு அது எதைத் தருகிறது?

ஓட்டக்காரர்கள் கெண்டைக்காலை ஒட்டி அணியும் நீண்ட காலுறையும், கூடைப்பந்து வீரர்கள் அரைக்கால் சட்டைக்குள் அணியும் இறுக்கமான கால்சட்டையும், தொடையின் பின்தசையில் காயம்பட்ட கால்பந்து வீரர்கள் மாட்டிக்கொள்ளும் தடித்த நியோபிரீன் உறையும் பார்வைக்கு வெவ்வேறாகத் தோன்றலாம். ஆயினும் தசையை வெளியிலிருந்து அழுத்திப் பிடிப்பது, அதன் சூட்டை வெளியேறவிடாமல் காப்பது என்னும் இரண்டு வேலைகளையே அவை வெவ்வேறு விகிதத்தில் செய்கின்றன. கடைகளில் கம்ப்ரஷன் ஆடைகள் என்ற பெயரில் விற்கப்படும் இவற்றை அணிந்தால் வேகம் கூடும், களைப்பு குறையும், காயம் அண்டாது என்றெல்லாம் விளம்பரங்கள் உறுதி கூறுகின்றன. அவற்றுள் சில ஆய்வுக்கு முன் நிலைத்து நின்றவை, சில நில்லாமல் போனவை. கணிசமான பணம் கொடுத்து வாங்குபவர் இவ்விரண்டையும் பிரித்தறிவது அவசியம்.

இந்த ஆடையின் வேர் விளையாட்டில் அன்று, மருத்துவத்தில் இருக்கிறது. இதயம் தள்ளும் இரத்தம் தமனிகள் வழியாகப் பாதம்வரை இறங்குவது எளிது. அங்கிருந்து சிரைகள் வழியாகப் புவியீர்ப்பை எதிர்த்து மேலேறுவதுதான் கடினம். அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்காலில் சிரைக்குள் உள்ள அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அளவு வரை இருக்கும். அவர் நடக்கத் தொடங்கியதும் கெண்டைத் தசைகள் சுருங்கிச் சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுவதாலும், சிரைகளுக்குள் உள்ள வால்வுகள் அது மீண்டும் கீழே வழியாமல் தடுப்பதாலும், அந்த அழுத்தம் ஏறத்தாழ 30 அளவுக்கு இறங்கிவிடுகிறது. வால்வுகள் பழுதடைந்தால் இரத்தம் காலிலேயே தேங்கி, சிரைகள் புடைத்துச் சுருண்டு, காலும் வீங்குகிறது. வெரிகோஸ் வெயின் என்று பலரும் அறிந்திருக்கும் நோய் இதுவே.

ஜெர்மனியில் பிறந்து, அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டொலீடோ நகரில் வாழ்ந்த பொறியாளர் கான்ராட் ஜோப்ஸ்ட், தாமே சிரை நோயால் அவதிப்பட்டவர். நீச்சல் குளத்தில் நிற்கும்போது கால் வலி தணிவதை உணர்ந்த அவர், நீரின் ஆழம் கூடக்கூட அழுத்தமும் கூடுவதால் கணுக்கால் மிகுதியாகவும் மேற்பகுதி குறைவாகவும் அழுத்தப்படுவதே அதற்குக் காரணம் என்று கண்டு, அதே ஏற்ற இறக்கத்தைத் துணியால் உண்டாக்கும் காலுறையை 1950-ஆம் ஆண்டையொட்டி வடிவமைத்தார். பின்னர் 1958-இல் டூபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜோசப் ஷிவர்ஸ், இயல்பு நீளத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் நீண்டும் பழைய நிலைக்கே திரும்பும் செயற்கை இழையை உருவாக்கினார். லைக்ரா என்ற பெயரில் அது சந்தைக்கு வந்த பிறகே, மெல்லியதாகவும் வியர்வையைத் தாங்குவதாகவும் உள்ள இறுக்க ஆடைகள் விளையாட்டுக் களத்துக்கு வர முடிந்தது.

ஆடை எவ்வளவு அழுத்துகிறது என்பதே அதன் பயனைத் தீர்மானிக்கிறது. ஜெர்மன் தர அளவின்படி முதல் வகை மருத்துவக் காலுறை கணுக்காலில் 18 முதல் 21 வரையும், இரண்டாம் வகை 23 முதல் 32 வரையும் மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் தர வேண்டும். விளையாட்டு ஆடைகளில் பெரும்பாலானவற்றுக்கு இத்தகைய கட்டாயம் இல்லை. சிறியது, நடுத்தரம், பெரியது போன்ற சில அளவுகளுக்குள் எல்லாக் கால்களையும் அவை அடக்கிவிடுகின்றன. ஒரே இழுவிசையுள்ள துணி, ஆரம் குறைந்த இடத்தில் மிகுதியாகவும் ஆரம் கூடிய இடத்தில் குறைவாகவும் அழுத்தும் என்பது லாப்லாஸ் விதி. ஆகவே ஒரே ஆடை, ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குப் போதிய அழுத்தம் தரலாம், மற்றவருக்குச் சாதாரணத் துணியாகவே இருக்கலாம். ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றோடொன்று முரண்படுவதற்கு இந்த வேறுபாடும் ஒரு முக்கியக் காரணம்.

தசைக்குத் தாங்கல் தருவது என்பதன் பொருளையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஓடும்போது பாதம் தரையில் மோதும் ஒவ்வொரு முறையும் தொடையிலும் கெண்டையிலும் உள்ள தசைகள் அதிர்கின்றன. இறுக்கமான ஆடை அந்த அதிர்வைக் குறைக்கிறது. அமெரிக்க ஆய்வாளர்கள் 20 தடகள வீரர் வீராங்கனைகளைக் கொண்டு நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தக் கால்சட்டை அணிந்தபோது தசை அதிர்வு குறைந்தது, தோலின் வெப்பம் விரைவாக உயர்ந்தது, நின்ற இடத்திலிருந்து எம்பிக் குதிக்கும் உயரமும் சற்றே கூடியது. ஆனால் 60 மீட்டர் ஓட்டத்தின் நேரம் மாறவில்லை. அதிர்வு குறைந்தால் களைப்பும் குறையும் என்ற எதிர்பார்ப்பை ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு 2017-இல் சோதித்தது. ஓட்டப்பொறியில் அரைமணி நேரம் ஓடியவர்களின் தசை அதிர்வை இறுக்க ஆடை குறைத்தது உண்மையே. ஆனால் ஓட்டத்துக்குப் பின் அவர்களுடைய கால் வலிமையிலோ குதிக்கும் உயரத்திலோ அதனால் எந்த வேறுபாடும் இல்லை. ஆய்வுக்கு நிதியளித்ததே ஒரு விளையாட்டு ஆடை நிறுவனம் என்பதால், விற்பனைக்கு உதவாத இந்த முடிவு கூடுதல் நம்பிக்கைக்கு உரியது.

வெப்பத்தின் கதை இதைவிட உறுதியானது. தசையின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் கூடும்போது, சில நொடிகளே நீடிக்கும் உச்ச முயற்சியில் அது வெளிப்படுத்தும் திறன் சுமார் 4 விழுக்காடு கூடுகிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிரிட்டனின் சைக்கிள் அணியினர், உடற்சூடேற்றத்துக்கும் பந்தயத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில் தசை குளிர்ந்துவிடாதிருக்க, மின்கலத்தால் சூடாகும் கால்சட்டைகளை அணிந்தது இதன் அடிப்படையில்தான். சாதாரண அழுத்த ஆடைக்கு அப்படித் தானாகச் சூடேற்றும் ஆற்றல் இல்லை. தசை உழைத்து உண்டாக்கிய வெப்பத்தை அது பிடித்து வைக்கிறது, அவ்வளவே. எனவே அதை மாட்டிக்கொண்டதையே உடற்சூடேற்றமாகக் கருதி நேரடியாக ஓடத் தொடங்குவது, காயத்தை வரவேற்பதாகும். குளிர்நாடுகளுக்குப் பொருந்தும் இந்த நன்மை சென்னையின் வெயிலிலும் மதுரையின் வெயிலிலும் சுமையாக மாறக்கூடும் என்பதை இங்குள்ள ஓட்டக்காரர்கள் நினைவில் கொள்ள வேண்டும். உடல் வெப்பத்தை வெளியேற்றப் போராடும் வேளையில் தொடை முழுவதையும் தடித்த உறையால் மூடுவதில் பயன் இல்லை.

கடும் பயிற்சிக்குப் பிந்தைய நாள்களில் உண்டாகும் தசைவலியைக் குறைப்பதில்தான் இந்த ஆடைகளுக்கு ஓரளவு நிலையான சான்று இருக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான மதிப்பீடு, பயிற்சிக்குப் பின் இவற்றை அணிபவர்களுக்கு வலி மிதமான அளவில் குறைவதாகவும், இழந்த தசைவலிமை சற்று விரைவாகத் திரும்புவதாகவும் கூறியது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மருந்துச் சோதனையில் உண்மை மாத்திரை எது, போலி எது என்று தெரியாமல் கொடுக்க முடியும். இறுக்கமான ஆடையை அணிந்தவருக்கோ தாம் அதை அணிந்திருப்பது தெரிந்தே இருக்கிறது. அதனால் கிடைக்கும் நிம்மதியில் துணியின் பங்கு எவ்வளவு, நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

விளையாட்டு வீரர்களைக் காட்டிலும், நாள் முழுதும் நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கே சரியான அளவுள்ள காலுறை கூடுதலாக உதவும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்ததற்குக் காரணமும் நெடுநேர நிற்றலால் வரும் உடல்நலக் கோளாறுகளே. எனினும் காலில் தமனி அடைப்பு உள்ளவர்களும், நீரிழிவால் பாத உணர்ச்சி குன்றியவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றை அணியக் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், அது இரத்தக் கட்டியாக இருக்கலாம் என்பதால் காலுறையால் சமாளிக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வாங்குபவர்கள் உயரத்தையும் எடையையும் நம்பாமல் கணுக்கால், கெண்டைக்கால், தொடை ஆகியவற்றின் சுற்றளவை நாடாவால் அளந்து, அந்த அளவுகளுக்கு ஏற்ற ஆடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மருத்துவக் காலுறைகளைப் போலவே விளையாட்டு ஆடைகளின் உறையிலும் அழுத்த அளவை எண்ணாக அச்சிடுவது உற்பத்தியாளர்களின் கடமை, அந்த எண்ணைக் கடையில் கேட்டுப் பெறுவது வாங்குபவரின் உரிமை.