குப்பனும் குப்புசாமியும்

கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் காலை ஷிப்டுக்கு ஆட்கள் இறங்கும் நேரம். அறுபதை நெருங்கும் ஒருவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பிக் காட்டினார். பெயருக்கு முன்னால் 'திரு' என்று அச்சாகியிருந்தது. "இங்க நான் திரு. ஊருக்குள்ள போனா, பேரன் வயசுப் பையன் பேரைச் சொல்லி 'ஏய், இங்க வா'ம்பான். இந்த அட்டை அங்க செல்லாது" என்றார். தன் பெயரை எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

என் தாத்தா பெயர் குப்பன். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயரைச் சொல்லக் கூசியவன் நான். தமிழ் படித்த பிறகுதான் அந்தக் கூச்சம் யார் கொடுத்தது என்று யோசித்தேன்.

பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று பெயர் வைப்பார்கள். அடுத்த வீட்டுக்குத் தவிட்டுக்கு விற்று வாங்கினால் தவிட்டான். பிச்சையாகக் கேட்டு வாங்கினால் பிச்சை. இழிந்த பெயருள்ள பிள்ளையை எமன் நாடமாட்டான் என்பது நம்பிக்கை. குழந்தைச் சாவு சாதி பார்க்காது. அதனால் இந்த வழக்கமும் எல்லாச் சாதியிலும் இருந்தது. பிள்ளை பிழைக்க வேண்டும் என்ற அதே தவிப்பில் பிறந்தவர்கள்தான் மேலத்தெருவின் குப்புசாமி ஐயரும் பிச்சைப் பிள்ளையும். அங்கே பெயரோடு 'சாமி' சேர்ந்தது, பட்டம் சேர்ந்தது. இங்கே குப்பன், குப்பனாகவே நின்றார்.

ஆக, குறை பெயரின் பொருளில் இல்லை, அழைக்கும் முறையில் இருக்கிறது. ஒருவரைப் பன்மையில் சொல்லி மதிக்கும் வழக்கைத் தொல்காப்பியமே பேசுகிறது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், கூலவாணிகன் சாத்தனார் என்று துணி விற்றவருக்கும் தானியம் விற்றவருக்கும் 'ஆர்' போட்ட மொழி இது. அந்த 'ஆர்' சேரிக்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. பெயரிலும் படிநிலை வேண்டும் என்று சட்டம் எழுதியவர்கள் இருந்தார்கள். பிராமணர் பெயரில் மங்கலம், சத்திரியர் பெயரில் வலிமை, வைசியர் பெயரில் செல்வம், சூத்திரர் பெயரில் இழிவு என்று மனுநீதி இரண்டாம் அத்தியாயம் வகுத்தது. அந்த நான்குக்கும் வெளியே வைக்கப்பட்டவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

மதுரை வட்டாரத்தில் மூத்தவர் யாராக இருந்தாலும் அண்ணே, மாமா, சித்தப்பா என்று ஏதாவது ஒரு முறை வைத்துத்தான் கூப்பிடுவோம். முறை சொல்லாமல் பெயர் சொல்வது மரியாதைக் குறைவு. இந்த முறை காலனிக்குச் செல்லும் ரோட்டைத் தாண்டியதில்லை. அங்கிருந்து வருபவர் எழுபது வயதானாலும் வெறும் பெயர்தான். அவர் மட்டும் சிறுவனையும் 'சாமி' என்று அழைக்க வேண்டும்.

1929-ல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடத் தீர்மானித்தது. வடக்கே குடும்பப் பெயரைக் கேட்டதும் சாதி தெரிந்துவிடும். இங்கே அப்பாவின் முதல் எழுத்தோடு நிற்கிறோம் என்றால், அதில் அந்த இயக்கத்துக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் வால் இருந்தவர்கள்தான் அதை வெட்ட முடியும். எங்கள் தாத்தாக்களுக்கு வெட்டுவதற்கு எதுவும் இல்லை. ஒரு 'ர்' சேர வேண்டியிருந்தது.

அதை அவர்களே சேர்க்கப் பார்த்தார்கள். 1845-ல் பிறந்த காத்தவராயன், தனக்குக் கல்வி தந்த ஆசிரியரின் பெயரை ஏற்று அயோத்திதாசர் ஆனார். எம்.சி. ராஜா போன்றோரின் முயற்சியால் 1922-ல் சென்னை மாகாண அரசு 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை ஏற்றது. மதுரையில் அரசுத் தடய அறிவியல் துறையில் வேலை பார்த்தபடி அமைப்பைக் கட்டிய திருமாவளவன், தன் தந்தை ராமசாமிக்குத் தொல்காப்பியன் என்று பெயர் சூட்டினார். அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் 'தொல்.' அதுதான். பிள்ளை அப்பாவுக்குப் பெயர் வைத்த அந்தச் செய்கைக்குள் ஒரு வரலாறே இருக்கிறது. 2021-ல் ஏழு சாதிப் பெயர்களைத் தேவேந்திரகுல வேளாளர் என்ற ஒரே பெயரில் சேர்க்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கும் அறிவிப்பு சட்டமன்றத்தில் வந்தது.

சட்டம் இதுவரை வரும். பொதுமக்கள் பார்வை படும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஒரு பெரியவரை அவர் சொந்தப் பெயரைச் சொல்லி 'வாடா' என்பதற்கு, காவல் நிலையத்தில் எந்தப் பிரிவைக் காட்டி மனு எழுதுவது? அங்கே சட்டத்தின் கை தளர்கிறது. வீட்டில் பிள்ளை வளர்ப்பவர்களின் கைதான் மிச்சம்.

நம் வீடுகளிலும் ஒரு வேலை இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பதியலாம். அதன்பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். பெயரை நாம் முடிவு செய்து, எழுத்துப் பிழையில்லாமல் பதிந்துவிட வேண்டும். பள்ளியில் சேர்க்கும் அன்று யாரோ ஒருவர் வாய்க்கு வந்ததை எழுத விட்டுவிடக் கூடாது. அப்படி எழுதப்பட்ட ஒரு பெயரோடும் தப்பான பிறந்த தேதியோடும்தான் என் அப்பா கடைசிவரை இருந்தார்.

போன மாதம் என் மகள் பள்ளிக்காகக் குடும்ப மரம் வரைந்தாள். "பூட்டன் பேரு குப்பன்னு எழுதவாப்பா, கிண்டல் பண்ணுவாங்களே?" என்று கேட்டாள். எமனிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்ற ஒரு தாய் வைத்த பெயர் அது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'குப்பனார்' என்று எழுதினாள்.