நிலக்கரித் துரையின் ஆஸ்தி

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா ராஜ்யத்தில், மலைகளுக்கு நடுவே ஒயிட்ஸ்வில் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே ஒரு கருங்கல் சுவரில் இருபத்தொன்பது மனிதர்களின் நிழலுருவங்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இவர்கள் யுத்தகளத்தில் மடிந்த வீரர்களல்லர். 2010-ம் வருஷம் ஏப்ரல் 5-ந் தேதி பிற்பகல் மூன்று மணி சுமாருக்கு, அப்பர் பிக் பிராஞ்ச் என்னும் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள். 1970-ம் வருஷத்திற்குப் பின் நாற்பது வருஷங்களில் அந்நாட்டு நிலக்கரிச் சுரங்கங்கள் கண்டிராத பெருந் துர்ச்சம்பவம் அது. அதை விபத்து என்று சொல்வது தகுமா என்பதே நாம் இங்கு ஆராயப் புகுந்த விஷயம்.

அச்சுரங்கம் மாஸி எனர்ஜி என்ற கம்பெனியைச் சேர்ந்தது. அதன் தலைவராயிருந்தவர் மிஸ்டர் டான் பிளாங்கன்ஷிப். அவர் தூரதேசத்திலிருந்து பணமூட்டையுடன் வந்திறங்கிய அந்நியர் அல்லர். 1950-ல் கெண்டக்கியில் பிறந்து, மேற்கு வர்ஜீனியாவின் மிங்கோ ஜில்லாவில் வளர்ந்தவர். அவருடைய தாயார் சிறு கடை ஒன்று நடத்திப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். கணக்கராகத் தேறிய மகன் 1982-ல் மாஸி கம்பெனியைச் சேர்ந்த ஒரு ஸ்தாபனத்தில் உத்தியோகம் ஏற்று, பத்தே வருஷங்களில் கம்பெனியின் தலைமைப் பதவிக்கு உயர்ந்தார். ஏழ்மையிலிருந்து எழும்பிய ஒருவன் ஏழைகளின் துயரை அறிவான் என்று நாம் எதிர்பார்ப்பது இயற்கை. ஆனால் ஏணியில் ஏறிய பிறகு ஏணியை எட்டி உதைப்பவர்களும் உலகில் உண்டு.

நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவோம். அம்மலைநாட்டில் கரியை விட்டால் வேறு பெரிய ஜீவனம் கிடையாது. மாஸி கம்பெனி ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சம்பளம் கொடுத்தது. அதனால்தான் அவரைப் போற்றினவர்களும் அவ்வூர்களில் இருந்தார்கள். ஒருவன் கையிலேயே ஊராரின் சோறு இருக்குமானால், அவனைக் குறைகூற ஊராரின் நா எழுவது அரிது. துரைத்தனத்தின் முதல் பலம் இதுவே.

மிங்கோ ஜில்லா, தொழிலாளர் சங்கத்திற்காக இரத்தம் சிந்திய பூமி. அங்குள்ள மேட்வான் என்ற ஊரில் 1920-ல் சுரங்க முதலாளிகள் ஏவிய காவலாட்களுக்கும் ஊராருக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்தது. அடுத்த வருஷம் பிளேர் மலையில் சுமார் பதினாயிரம் தொழிலாளர்கள் ஆயுதபாணிகளாய்த் திரண்டார்கள். அதே ஜில்லாவில் 1984-ல் தொடங்கி மறுவருஷம் வரை நீடித்த பெரிய வேலைநிறுத்தத்தில் கம்பெனியின் பக்கம் நின்று சங்கத்தை முறியடித்தவர் மிஸ்டர் பிளாங்கன்ஷிப். அக்காலத்தில் அவருடைய ஆபீஸுக்குள் பாய்ந்த குண்டு ஒன்று துளைத்த டெலிவிஷன் பெட்டியை, வெற்றிச்சின்னம் போல் அவர் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கத்திலும் சங்கம் இல்லை. அபாயத்தைக் கண்டவன் துணிந்து வாய் திறப்பதற்கு ஒரு புகலிடம் இல்லாமற் போயிற்று.

சங்கத்தை அடக்கியவர் நீதி ஸ்தலத்தையும் விட்டு வைக்கவில்லை. மாஸி கம்பெனியால் நசுக்கப்பட்ட வேறொரு சுரங்கக்காரர் வழக்குத் தொடுத்து, 2002-ல் ஐந்து கோடி டாலர் நஷ்டஈடு பெறத் தீர்ப்புப் பெற்றார். அப்பீல் நிலுவையாயிருக்கையில், 2004-ல் நடந்த நீதிபதி தேர்தலில் மிஸ்டர் பிளாங்கன்ஷிப் சுமார் முப்பது லக்ஷம் டாலர் செலவழித்தார். அவர் ஆதரித்தவர் ஜயித்தார். அந்த நீதிபதியும் சேர்ந்தே கம்பெனிக்குச் சாதகமாய்த் தீர்ப்பளித்தார். 2009-ல் அமெரிக்க ஸுப்ரீம் கோர்ட், அவர் அவ்வழக்கிலிருந்து விலகியிருக்கவேண்டுமென்று சொல்லிற்று. தராசைப் பிடிக்கும் கைக்குத் தேர்தல் செலவு கொடுத்துவிட்டு நிறுவையைப் பற்றிப் பேசுவதில் என்ன அர்த்தம்?

இனிச் சுரங்கத்தினுள் செல்வோம். கரி வெட்டும்போது மீத்தேன் என்ற தீப்பற்றும் வாயு வெளிப்படும், கரித்தூளும் எழும். காற்றோட்டம் வாயுவைக் கலைத்துவிடும். வெட்டும் யந்திரத்தின் நீர்த்தாரை தீப்பொறியை அணைக்கும். எங்கும் தூவப்படும் சுண்ணாம்புக்கல் தூள் கரித்தூள் வெடிக்காமல் தடுக்கும். இம்மூன்றும் புதிதாய்க் கண்டுபிடிக்கப்பட்டவையல்ல. சுரங்கத் தொழிலின் அரிச்சுவடி. அரசாங்கத்தின் விசாரணையும், சுயேச்சைக் குழுவின் விசாரணையும் கண்டது யாதெனில், இம்மூன்றிலும் கம்பெனி தவறியது என்பதே. யந்திரத்தின் பற்கள் தேய்ந்திருந்தன, நீர்த்தாரை சரியாயில்லை, கரித்தூள் குவிந்து கிடந்தது. ஒரு சிறு பொறி, இரண்டு மைலுக்கு மேற்பட்ட சுரங்கப்பாதைகளில் ஊழித்தீயாய்ப் பரவிற்று. பரிசோதக உத்தியோகஸ்தர் வாயிலில் நுழைந்ததும் உள்ளே இரகசியமாய்த் தகவல் அனுப்பும் வழக்கமும் இருந்தது. மெய்யான குறைகளுக்கு ஒரு புஸ்தகமும், உத்தியோகஸ்தருக்குக் காட்ட ஒரு புஸ்தகமும் வைத்திருந்தார்கள்.

தலைவருக்கு இதெல்லாம் தெரியாது என்பாருண்டு. ஆனால் அச்சுரங்கத்தில் எவ்வளவு கரி வெட்டப்பட்டது என்பது அரை மணிக்கொரு தரம் அவருக்கு எட்டிக்கொண்டிருந்தது. 2005-ல் தம் கீழுள்ளோருக்கு விடுத்த குறிப்பொன்றில், கரி வெட்டுவதைத் தவிர வேறெந்த வேலையை யார் சொன்னாலும் பொருட்படுத்தாதீர்கள், கரிதான் செலவுக்குப் பணம் தருகிறது என்ற கருத்தை எழுதினார். பின்னர் பாதுகாப்பே முதற்கடமையென்று மற்றொரு குறிப்பும் அனுப்பினார். இரண்டில் எதைச் சுரங்கம் நம்பிற்று என்பதை அச்சுவரில் நிற்கும் உருவங்கள் சொல்லும்.

மற்றுமொன்று நம் நெஞ்சை உறுத்துகிறது. கரித்தூள் நுரையீரலைத் தின்னும் நோய் அவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்ளத்தக்க விஷயமல்ல என்று அவர் பேசியது ஒலிப்பதிவாகிக் கோர்ட்டில் ஒலித்தது. இறந்த இருபத்தொன்பது பேரில் நுரையீரலைச் சோதிக்க இயன்றது இருபத்துநான்கு பேருக்கு. அவர்களில் பதினேழு பேருக்கு அந்நோய் இருந்தது. வெடி அவர்களைக் கொல்லாதிருந்தால் தூள் மெல்ல மெல்லக் கொன்றிருக்கும்!

2015 டிசம்பரில் ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். பாதுகாப்பு விதிகளை வேண்டுமென்றே மீறச் சதி செய்த குற்றம் ருசுவாயிற்று, பெருங்குற்றங்கள் ருசுவாகவில்லை. சட்டம் அனுமதித்த அதிகபட்ச தண்டனை ஒரு வருஷச் சிறைவாசம். அதுவும் இரண்டரை லக்ஷம் டாலர் அபராதமும் 2016-ல் விதிக்கப்பட்டன. 2009-ல் மட்டும் அவர் பெற்ற ஊதியம் சுமார் 1 கோடியே 78 லக்ஷம் டாலர்! கம்பெனியில் அவருக்குக் கீழிருந்தவர்களில் சிலருக்கு, 21 மாதம் முதல் 42 மாதம் வரை சிறை கிடைத்தது. உத்தரவை நிறைவேற்றினவனுக்கு அதிகம், உத்தரவிட்ட ஸ்தானத்திலிருந்தவனுக்குக் குறைவு என்றால், அந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டது?

அவர் இன்றளவும் தம்மைக் குற்றமற்றவர் என்கிறார். நிலத்தடியிலிருந்து திடீரெனப் பீறிட்ட வாயுவே காரணமென்றும், அரசியல் பகையால் தண்டிக்கப்பட்டதாகவும் வாதிக்கிறார். அரசாங்கத் தரப்பு சில தஸ்தாவேஜுகளை முன்கூட்டிக் கொடுக்கத் தவறியது மெய். ஆயினும் தண்டனையை ரத்துசெய்யக் கோர்ட்டுகள் இசையவில்லை. 2018-ல் செனட் சபைக்கு நிற்க அவர் முயன்றபோது, தம் கட்சியின் தேர்தலில் மூன்றாவதாகவே வந்தார். ஊர் மறக்கவில்லை.

ஆனால் ஒருவரைத் தூற்றிவிட்டு நாம் திருப்தியடைந்துவிட்டால் அது பேதைமை. துர்ச்சம்பவத்திற்குப் பின் 2010-ல் கொண்டுவரப்பட்ட கடுமையான சுரங்கப் பாதுகாப்பு மசோதா நிறைவேறாமலே போயிற்று. சட்டம் சிறிதாயிருக்கும்வரை இன்னொரு துரை பிறப்பதற்குத் தடையில்லை. எந்த நாட்டிலும், பூமிக்கடியில் இறங்குகிறவனுக்கு மூன்று காவல்கள் வேண்டும்: பயமின்றிப் பேசச் சங்கம், விலைக்குப் போகாத பரிசோதகர், தலைவனையும் தொழிலாளியையும் ஒரே கோலால் அளக்கும் சட்டம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்றவை வீண்.

மிஸ்டர் பிளாங்கன்ஷிப்பின் கம்பெனி 2011-ல் வேறொரு கம்பெனிக்குக் கைமாறிற்று. மாஸி என்ற பெயரே மறைந்தது. அவர் ஊருக்கு வைத்த ஆஸ்தி அந்தக் கருங்கற் சுவர் ஒன்றே. நம் வீட்டில் விளக்கு எரியும்போதெல்லாம் எங்கோ ஒருவன் இருளில் இறங்குகிறான். அவன் மாலையில் வீடு திரும்புவது கம்பெனியின் தயவாக இருத்தலாகாது. அது அவனுடைய பாத்தியதை.