கொக்கி பிறக்கும் இருட்டறை

பட்டறைக்குள் காலை வைத்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். வெளியே பெர்க்‌ஷயரில் ஏப்ரல் வெயில். இங்கிலாந்தில் அப்படியொரு வெயில் அடித்தால் ஊரே புல்தரையில் விரித்துப் படுத்துவிடும். நாங்களோ இருட்டில் உலையைச் சுற்றி நிற்கிறோம். காரணம் தெரிந்ததும் எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. பழுத்த இரும்பின் நிறம் வெளிச்சத்தில் பிடிபடாதாம்! சிவப்பா, ஆரஞ்சா, மஞ்சளா என்று கண் கண்டுகொள்ள அறை மங்கியிருக்க வேண்டும். இங்கே சூட்டை அளக்கும் கருவி கண்தான்.

இன்று இங்கே பிறக்கப்போவது ஒரு கொக்கி. மரக்கிண்ணம் குடைகிற கொக்கி!

பச்சை மரத்தில் கிண்ணம் கடைவதை நீங்கள் ஏதாவது காணொளியில் பார்த்திருக்கலாம். மேலே வளைந்து நிற்கும் நீண்ட கழி, அதன் நுனியிலிருந்து இறங்கும் கயிறு, கயிறு சுற்றிய உருளை, கீழே மிதிகட்டை: இதுதான் கடைசல். காலை அழுத்தினால் மரம் முன்னோக்கிச் சுழலும். காலை எடுத்தால் கழி நிமிர்ந்து கயிற்றைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். மின்சாரம் கிடையாது. அழுத்தும்போது மட்டும்தான் வெட்டு. வெட்டி அதிக நாளாகாத, ஈரம் காயாத மரம் என்பதால் சீவல் தாழம்பூ மடல்போல் நீளநீளமாகச் சுருண்டு விழும். பார்க்கிறவர் எல்லோரும் அந்தச் சீவலில் மயங்கிவிடுகிறார்கள். நானும் மயங்கியவள்தான். ஆனால் கடைபவரின் கக்கத்தில் இடுங்கியிருக்கும் அந்த நீண்ட உளியைப் பாருங்கள். அதன் நுனி நேராக இருக்காது. கேள்விக்குறியைப் போல வளைந்திருக்கும். அது எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டுத்தான் இந்த இருட்டறைக்கு வந்து சேர்ந்தேன்.

"கடையிலயா? இதைக் கடைகிறவங்க அவங்களே அடிச்சுக்குவாங்க. வாங்க, உங்க கையாலயே ஒண்ணு அடிங்க" என்றார் பட்டறைக்காரம்மா. இந்த வார்த்தைக்காகவே கடல் தாண்டி வரலாம்!

கையில் கொடுத்தது பன்னிரண்டு மில்லிமீட்டர் தடிமனில் ஓர் உருக்குக் கம்பி. பெயர் சில்வர் ஸ்டீல். உள்ளே வெள்ளி ஒரு பொட்டும் இல்லை, பளபளப்புக்காக வந்த பெயர். இருப்பது இரும்பும், ஏறத்தாழ ஒரு சதவீதம் கார்பனும், கொஞ்சம் குரோமியமும். மின்கடைசலுக்கு விற்கிற உளிகளில் இதைவிட விலை கூடிய உருக்கு இருக்கும். வேகமாகச் சுழலும் காய்ந்த மரத்தில் உரசி முனை கொதித்தாலும் அது தாங்கும். பச்சை மரம் அப்படியா? அது ஈரமும் குளிர்ச்சியுமாக இருக்கிறது, மிதிக்கு மிதி நின்று திரும்புகிறது. முனை சூடாவதே இல்லை. அதனால் எந்தக் கொல்லுலையிலும் அடிக்கக்கூடிய எளிய உருக்கே போதும். அதைச் சவரக்கத்தி மாதிரி தீட்டவும் முடியும். மரத்தின் ஈரம் கொல்லருக்கும் வேலையை எளிதாக்கிவிடுகிறது!

துருத்தி ஊத, கம்பி பழுக்கிறது. ஆரஞ்சு நிறம் வந்ததும் குறட்டால் எடுத்துப் பட்டடையில் வைத்து அடி. நான்கு பக்கமும் அடித்துக் கூராக்கி, நுனியைப் பட்டையாகத் தட்டி, ரிப்பன் அகலத்துக்குக் கொண்டுவந்து, பட்டடையின் கொம்பில் வைத்து வளைக்க வேண்டும். ஒரு சூட்டுக்குச் சில அடிகள்தான் கிடைக்கும். நிறம் மங்கிய பிறகும் ஆசைப்பட்டு அடித்தால் விரிசல் விழும். "திரும்ப உலைக்கு!" என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு இன்னும் ஒரே ஓர் அடி வைத்துவிட வேண்டும் என்று கை துடிக்கும்.

வளைவில்தான் சூட்சுமம் எல்லாம். கிண்ணத்தை உருட்டும் உருளை, மரத்துண்டின் நடுவில் அறைந்து பொருத்தப்பட்டிருக்கும். அதனால் நடுவைக் குடைய முடியாது. நடுவே ஒரு குமிழை விட்டுவிட்டு அதைச் சுற்றித்தான் கொக்கி இறங்க வேண்டும். கொக்கியின் புறவளைவு கிண்ணத்தின் உள்சுவரில் பதிந்து வழுக்கிக்கொண்டே போக, விளிம்பு சீவுகிறது. வளைவு சற்றுத் தளர்ந்தால் கொக்கி குமிழில் இடிக்கும். இறுகினால் கிண்ணத்தின் அடி எட்டாது. அப்படியென்றால் கிண்ணத்தின் உள்வடிவம் கடைசலுக்கு வருமுன்பே இந்தப் பட்டடையில் முடிவாகிவிடுகிறது! இது புரிந்த நொடியில் நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினேன்.

இதே வட்டாரத்தில் பக்கிள்பரி என்ற ஊரில் ஜார்ஜ் லெய்லி என்றொருவர் இருந்தார். எல்ம் மரத்தில் கிண்ணம் கடைந்தவர். ஒரே கட்டையிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குக் கிண்ணங்களை எடுத்தவர். எச்.வி. மார்ட்டன் 1927-இல் வெளியான தம் பயணநூலில் அவரைத் தேடிப்போய்ப் பார்த்ததை எழுதினார். லெய்லி 1958-இல் காலமானார். அவருக்குப் பின் அந்தத் தொழிலைத் தொடர ஆள் இல்லை. ஆனால் அவருடைய கடைசலும் கொக்கிகளும் பிழைத்தன. ரெடிங் நகரில் இருக்கும் ஆங்கிலக் கிராமிய வாழ்வு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பல ஆண்டுகளுக்குப் பிறகு ராபின் வுட் என்பவர் அவற்றை உற்றுப் பார்த்தார். அந்தக் கொக்கிகளின் வளைவைப் படித்து, தாமே உலை மூட்டி அடித்து, கடைந்து கடைந்து, அறுந்த தொழிலுக்கு மறுபடி முடிச்சுப் போட்டார். சொல்லிக்கொடுக்க மனிதர் இல்லாத இடத்தில் கருவி சொல்லிக்கொடுத்தது. நினைக்கும்போதே மயிர்க்கூச்செறிகிறது!

சரி, உலைக்குத் திரும்புவோம். அடுத்தது துவைச்சல், அதாவது பழுத்த உருக்கைச் சட்டென்று முக்கிக் கடினமாக்குவது. மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வளைத்த கொக்கியைச் சூடாக்கிக் காற்றில் ஆறவிட்டு, மறுபடி சூடாக்கி ஆறவிட்டு, அடிபட்ட இறுக்கத்தைத் தளர்த்தியாயிற்று. அரத்தால் விளிம்பும் எடுத்தாயிற்று. இப்போது இருட்டில் செர்ரிச் சிவப்பு ஏறுகிறது. பக்கத்தில் நூலில் ஒரு காந்தம் தொங்குகிறது. தொட்டுப் பார்க்கிறேன், ஒட்டுகிறது. இன்னும் சூடு. தொடுகிறேன், ஒட்டுகிறது. இன்னும் கொஞ்சம். தொடுகிறேன். காந்தம் கண்டுகொள்ளவே இல்லை! ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸில் இரும்பு காந்தத்துக்கு மசிவதை விட்டுவிடும். அதற்கு மேல் ஒரு சாயல் நிறம் கூடியதும் எடுத்து, வெதுவெதுப்பான எண்ணெய்க்குள் முக்கு! குப்பென்று ஒரு சுவாலை, புகை, சமையலறை வாசனை. வெளியே எடுத்து அரத்தை வைத்தால் கண்ணாடியில் வைத்ததுபோல் வழுக்குகிறது.

கண்ணாடி மாதிரி கடினம் என்றால் கண்ணாடி மாதிரி உடையவும் செய்யும். கீழே விழுந்தால் போச்சு. அதனால் கடினத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கப் பண்ண வேண்டும். கொக்கியை வெள்ளையாகத் தேய்த்து, வளைவுக்குப் பின்னால் தண்டில் மெல்லச் சூடு காட்டுகிறார் பட்டறைக்காரம்மா. ஜன்னலை இப்போது திறந்துவிட்டார்கள். தண்டிலிருந்து நிறங்கள் நடந்து வருகின்றன! முதலில் வெளிர் வைக்கோல் நிறம், அதன் பின்னால் பழுப்பு, ஊதா, நீலம். ஒரு வானவில் உருக்கின் மேல் நத்தை வேகத்தில் ஊர்கிறது. வைக்கோல் நிறம் விளிம்பைத் தொடும்போது சூடு 230 டிகிரி அளவில் இருக்கும். "இப்ப!" என்று அவர் சொல்ல, தண்ணீரில் முக்கினேன். என் கொக்கி பிறந்துவிட்டது.

பிடி ஆஷ் மரத்தில். எல்லாமே பச்சையான இந்தத் தொழிலில் பிடிக்கு மட்டும் நன்றாகக் காய்ந்த கட்டை. பச்சையாகப் போட்டால் பின்னால் சுருங்கி வெடிக்கலாம். கையைவிட நீளமான பிடி. அதன் மறுமுனையைக் கக்கத்தில் அடக்கினால் உடம்பின் கனமே உளிக்குப் பின்னால் வந்து நிற்கும்.

சாயங்காலம் கடைசலில் பிர்ச் மரத்துண்டு ஏறியது. மிதித்தேன். முதல் மிதியில் பொடி. கோணத்தை மாற்றினேன். இரண்டாவது மிதியில் கொஞ்சம் சீவல். மூன்றாவது மிதியில், நான் அடித்த கொக்கியிலிருந்து, முழங்கை நீளத்துக்கு வெள்ளை ரிப்பன் ஒன்று சுருண்டு வந்து மணிக்கட்டில் ஈரமாகச் சுற்றிக்கொண்டது! கத்திவிட்டேன். பட்டறையே சேர்ந்து கத்தியது.

கடைசியில் நடுவே நிற்கும் குமிழைச் சட்டென்று ஒடித்தார்கள். கிண்ணம் காயக் காய ஒரு பக்கம் கூடுதலாகச் சுருங்கி லேசாக முட்டை வடிவம் கொள்ளும். அது அவர் அலமாரியிலேயே காயட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு வேண்டியது அந்தக் குமிழ். யார்க் நகரில் காப்பர்கேட் என்றொரு தெரு. வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்த அந்தப் பெயருக்குக் கிண்ணம் கடைபவர்களின் தெரு என்று பொருள். 1976 முதல் 1981 வரை அங்கே தோண்டியபோது கிடைத்தவற்றில், ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கடைசல்காரர்கள் ஒடித்து எறிந்த குமிழ்களும் உண்டு. அவர்கள் எறிந்ததை நான் துணியில் பொதிந்து பைக்குள் வைத்துக்கொண்டேன். அதன் பக்கவாட்டில் வட்டவட்டமாக ஓடும் வரிகளில் விரலை வைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு வரியும் என் கொக்கி போன தடம்.