சுட்ட புண்ணுக்கு முதல் சரக்கு தண்ணீர்



மளிகைக் கடை நடத்துபவர்கள் எல்லோரும் இதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்து வீட்டு அம்மா ஓடி வருவார். "அண்ணாச்சி, கையில் எண்ணெய் தெறித்துவிட்டது, சீக்கிரம் ஒரு பேஸ்ட் கொடுங்க" என்பார். நாமும் கல்லாவை விட்டு எழுந்து எடுத்துக் கொடுப்போம். நல்லது செய்ததாகவே நினைப்போம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் என் கடையில் பொட்டலம் போடும் தம்பி, மெழுகுவத்தித் தீயில் பிளாஸ்டிக் பையின் வாயை ஒட்டும்போது, உருகிய பிளாஸ்டிக் அவர் புறங்கையில் விழுந்தது. அதைப் பிய்த்து எடுத்தவன் நான்தான். தோலும் சேர்ந்து வந்தது. அதன்மேல் பேஸ்ட்டை அப்பியவனும் நானே. மாலையில் மருத்துவர் அந்தப் பேஸ்ட்டைத் துடைத்து எடுத்தபோது தம்பி பட்ட வேதனை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "முதலில் தண்ணீர் ஊற்றியிருந்தால் புண் இவ்வளவு ஆழம் போயிருக்காது" என்றார் மருத்துவர்.

தீயை விட்டுக் கையை எடுத்த பிறகும் சூடு தோலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அதைத் தணிக்க வல்லது தண்ணீர்தான். குழாயடியில் கையை நீட்டி, கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம் தண்ணீர் விட வேண்டும். குழாய் இல்லையென்றால் செம்பால் மொண்டு ஊற்றலாம். நண்பகலில் மாடித் தொட்டித் தண்ணீரே சுடும். அப்போது குடத்துத் தண்ணீரை எடுங்கள். ஐஸ் வைக்கக் கூடாது. அது தோலை மேலும் கெடுக்கும். வீக்கம் வருமுன் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். ஒட்டிக்கொண்ட துணியையோ பிளாஸ்டிக்கையோ இழுக்காமல், அதன்மேலேயே தண்ணீர் விட வேண்டும்.

பேஸ்ட், மஞ்சள் தூள், தேங்காய் எண்ணெய், வெண்ணெய், இட்லி மாவு, பேனா மை எதுவும் வேண்டாம். இவை சூட்டை வெளியே விடாமல் தடுக்கும், கிருமியைச் சேர்க்கும், புண்ணின் ஆழத்தை மருத்துவர் பார்க்க முடியாமல் மறைக்கும். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. பஞ்சு ஒட்டிக்கொள்ளும், துவைத்து உலர்த்திய மெல்லிய துணியால் தளர்வாக மூடினால் போதும்.

காயம் பட்டவரின் உள்ளங்கையை விடப் பெரிய புண், முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் ஆகியவற்றில் பட்ட புண், வெளுத்தோ கருகியோ வலி தெரியாமல் இருக்கும் புண், மின்சாரத்தாலும் ஆசிட்டாலும் வந்த புண் ஆகியவற்றுக்கு வீட்டு வைத்தியம் கூடாது. குழந்தைகள், முதியோர், சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறு புண்ணானாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். தடுப்பூசி தேவையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய தீக்காயம் என்றால் 108-ஐ அழையுங்கள்.

இப்போது என் கடையில் பொட்டலம் போடும் மேசைக்குப் பக்கத்தில் மூடியிட்ட ஒரு குடம் தண்ணீரும் செம்பும் எப்போதும் இருக்கின்றன. மெழுகுவத்தியை நிறுத்திவிட்டு, பை ஒட்டும் சிறு இயந்திரம் வாங்கிவிட்டோம்.

வாடிக்கையாளர் நம் சொல்லை நம்புகிறவர். இனி யாராவது சுட்ட கையோடு பேஸ்ட் கேட்டு வந்தால், "முதலில் 20 நிமிடம் தண்ணீர் விடுங்கம்மா" என்று சொல்லி அனுப்புங்கள். ஒரு பேஸ்ட் விற்காமல் போவதால் நமக்கு நட்டம் ஒன்றும் இல்லை.