தென்னந்தோப்புக்காரரும் கைபேசிவழித் தொடர்பும்

தேவதானத்துத் தோப்புக்காரர் ஒருவர் தமது தென்னை ஓலைகள் கரி படிந்தாற்போல் கறுத்திருக்கக் கண்டால், முன்னாளில் அண்டைத் தோப்பாரையோ இராஜபாளையத்து மருந்துக்கடையையோ நாடுவார். இக்காலத்தில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படத்தை அனுப்பி, "என்ன மருந்து?" என்று கேட்கிறார். அரைமணிக்குள் பல விடைகள் வந்து குவிகின்றன. அவற்றுள் மருந்து விற்போர் அனுப்பியவையும் உண்டு. இது இரைச்சலேயன்றித் தொடர்பு ஆகாது.

மேற்படி கருமைக்குப் பெரும்பாலும் காரணம் சுருள் வெள்ளை ஈயாகும். இந்தியாவில் இது 2016-ம் வருஷத்தில் பொள்ளாச்சிப் பக்கத்தில் கண்டறியப்பட்டது. ஓலையின் அடிப்புறத்தில் சாறு உறிஞ்சும் இவ்வீ, தேன் போன்ற கழிவைக் கீழோலைகளின்மேல் சிந்துகிறது. அதன்மேல் கரும்பூசணம் படருகிறது. கடும் விஷமருந்து தெளித்தால், இதன் குஞ்சுகளை அழிக்கும் என்கார்சியா என்னும் நுண்குளவியும் கூடவே மடியும். அக்குளவி அடங்கிய ஓலைத்துண்டுகளை வேறு தோப்பிலிருந்து கொணர்ந்து, ஈ கண்ட மரங்களில் பொருத்துவதே சிலாக்கியம். ஆகையால் இங்கு வேண்டுவது மருந்தின் பெயரன்று. இத்தொல்லையை முன்பே அனுபவித்த ஒரு விவசாயியின் பழக்கமேயாம்.

அத்தகையவரை அடையக் கேட்கும் விதம் முக்கியம். ஊர், மரத்தின் ரகம், வயது, கருமையை முதலில் கண்ட தேதி, இதுவரை தெளித்தது யாது என்பவற்றை எழுதி, ஓலையின் அடிப்புறத்தையும் படமெடுத்து அனுப்பினால், விஷயம் அறிந்தவர் விடையளிப்பார். அவர் தோப்பில் எந்த வருஷம் ஈ கண்டது, எத்தனை மாதத்தில் தணிந்தது என்று திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. கூடுமானால் ஒருமுறை நேரிற்சென்று அத்தோப்பைப் பார்த்துவரலாம். பஸ் செலவு மருந்துச் செலவைவிடக் குறைவே. பின்பு, பலன் கிட்டினும் கிட்டாவிடினும், அதனை அவருக்குத் தெரிவித்தல் வேண்டும். பலரும் இதைச் செய்வதில்லை. பழக்கம் அறுந்துபோவதும் இவ்விடத்திலேயே.

இவ்வழக்கம் விலை விஷயத்திலும் பயன்படும். 2012-ம் வருஷத்தில் மகாராஷ்டிரத்துச் சாங்கிலி மஞ்சள் விவசாயிகள், விலை வீழ்ந்த சமயம் பேஸ்புக் வழியே ஒன்றுகூடி ஏலத்தைப் புறக்கணித்தனர். ஆயினும் முகமறியாத வியாபாரிக்கு முதலிலேயே ஒரு லாரிக் காயை ஏற்றிவிடுதல் தகாது; சிறு அளவு அனுப்பிப் பணம் கைக்கு வந்தபின் மேற்கொண்டு பேசலாம். வங்கியிலிருந்து கைபேசிக்கு வரும் ரகசிய எண்ணை எவருக்கும் சொல்லலாகாது.

குழு நடத்தும் கிராம அதிகாரிகள், மருந்து விற்போர் தம் தொழிலை வெளிப்படையாகக் கூறும்படி ஏற்பாடு செய்வது நலம். ஓலைத்துண்டு கொணர்வோர், ஈ இதுவரை அணுகாத தோப்புக்குள் அதனைக் கொண்டுசெல்லாதிருப்பாராக. துண்டோடு ஈயும் வந்துசேரும்.