பீ: இலக்கணமே வாய்கூசிய சொல்

'பீ' பச்சைத் தமிழ்ச் சொல். மலையாளத்திலும் பீதான், தெலுங்கில் பிய்யி. இவ்வளவு பழைய உறவுச்சொல்லைச் சபையில் சொல்ல மட்டும் நாக்கு எழாது. இந்தக் கூச்சம் நேற்று வந்ததல்ல. இச்சொல்லோடு இன்னொரு சொல் புணர்ந்தால் என்ன ஆகும் என்று விதி சொல்ல வந்த தொல்காப்பியர், சொல்லையே எழுதாமல் 'இடக்கர்ப் பெயர்' என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட்டார். நன்னூலார் கொஞ்சம் துணிந்தவர். 'பவ்வீ' என்றார், அதாவது பகரத்தின் மேல் ஏறிய ஈ. ஆனால் ஓரெழுத்து ஒருமொழிகள் 42-இல் பகர வரிசைக்குப் பா, பூ, பே, பை, போ என ஐந்தே கணக்கில் வருகின்றன. பீக்கு அங்கே இடமில்லை.

இப்படி மறைத்துச் சொல்வதுதான் இடக்கரடக்கல். 'கால் கழுவி வந்தான்' என்று பள்ளியில் படித்திருப்போம். ஊர்ப்பக்கம் 'வெளிக்குப் போறது', 'கொல்லைக்குப் போறது'. இதில் ஒரு சிக்கல், மறைக்க வந்த சொல்லும் நாளடைவில் நாறிவிடும். 'மலம்' வடமொழியில் அடிப்படையில் அழுக்கு. ஆணவம், கன்மம், மாயையை மும்மலம் என்கிறது சைவ சித்தாந்தம். நிர்மலா என்றால் மாசற்றவள். ஆனால் 'மலம்' என்றதும் இன்று நமக்கு நினைவுக்கு வருவது சித்தாந்தமா, மலச்சிக்கலா?

கக்கூஸ் கதை இன்னும் வேடிக்கை. பழவேற்காடு, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம், கொச்சி என்று 17-ஆம் நூற்றாண்டில் கோட்டை வைத்திருந்த டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல் அது. அவர்கள் மொழியில் 'கக்' என்றால் பீ, பின்பாதி வீடு. மலையாளத்திலும் சிங்களத்திலும்கூட அது தங்கிவிட்டது. தமிழில் சொல்லக் கூசிய நாம் டச்சில் 'பீவீடு' என்று தாராளமாகச் சொல்லியிருக்கிறோம்! பிறகு அதுவும் கொச்சையாகிக் கழிப்பறை வந்தது, டாய்லெட் வந்தது.

மாட்டுக்குச் சாணி, ஆட்டுக்குப் புழுக்கை, யானைக்கு லத்தி, பறவைக்கு எச்சம். இவற்றை யாரும் மறைத்துச் சொல்வதில்லை. சாணியும் புழுக்கையும் வயலுக்கு உரமாயிற்றே. மனிதனுடையதற்குத்தான் இத்தனை திரை.

அதிலும் ஓட்டை உண்டு. சோத்தாங்கைக்கு எதிர்க்கை பீச்சாங்கை. அதைச் சொல்ல யாருக்கும் வாய் கூசுவதில்லை. 2017-இல் அந்தப் பெயரிலேயே ஒரு படமும் வந்தது.